நான்காவது சிவப்புப் பொட்டு

போன வருடம் மே மாதம், அக்னி நட்சத்திர நேரம். திருத்தணியில் மலையடிவாரக் குளத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு வீட்டுக்கு ஏசி மாட்டப் போயிருந்தேன். புதன்கிழமை. கிருத்திகையும் அன்றைக்கே வந்திருந்தது. காலை எட்டு மணிக்கே தெரு முழுக்க மொட்டைத் தலைகளும் சந்தனமும் ஆந்திரா நம்பர் வண்டிகளுமாக இருந்தன.

நான் ஏசி மெக்கானிக். எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. அம்மாவும் நைனாவும் கூலிக்கு லுங்கித் தறி ஓட்டுகிறவர்கள். இரண்டு பேருமே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் நைனா இன்றைக்கும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி, ஐடிஐயில் இரண்டு வருடம் ஏசி வேலை படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான்தான். லுங்கி பார்சல் போடும் பிளாஸ்டிக் உறையில் அந்தச் சான்றிதழைப் போட்டு, வாயை மடித்து, நூல் கட்டி வைத்திருக்கிறார் நைனா. கடையில் எனக்குக் கொடுத்த அடையாள அட்டையில் 'டெக்னீஷியன்' என்று அச்சடித்திருக்கும். பஸ்ஸில் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன். காற்றில் திரும்பிக்கொண்டால் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி விட்டுக்கொள்வேன்.

ஏசி வேலையில் முக்கியமானது குழாய் இணைப்பு. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டையும் இரண்டு செம்புக் குழாய்கள் இணைக்கும். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. குழாயின் வாயைப் பூ மாதிரி விரித்து, பெட்டியின் கழுத்தோடு சேர்த்து நட்டால் இறுக்க வேண்டும். உள்ளே இரண்டு நட்டு, வெளியே இரண்டு, மொத்தம் நான்கு. முதலில் கையால் திருகுவோம். பிறகு இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்குவோம். கையால் மட்டும் திருகிய நட்டும் ஸ்பேனரால் இறுக்கிய நட்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் உள்ளே ஓடும் கேஸுக்குத்தான் தெரியும்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். பாதி நட்டின் மேல், பாதி கழுத்தின் மேல். பின்னால் நட்டு அசைந்தால் பொட்டு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கடையில் எல்லோரும் என்னை 'பாலிஷு' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், என் இணைப்புகளில் கேஸ் கசிந்ததே இல்லை என்று பதில் சொல்வேன்.

எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். அன்றைக்கு என்னோடு வந்த அண்ணன் சுவரில் துளை போட்டு, வெளிப் பெட்டியை மாட்டி முடிப்பதற்குள் கடை முதலாளி பாய் போன் செய்துவிட்டார். அரக்கோணத்தில் ஒரு அவசர வேலை. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தனியா முடிச்சிருவியாம்மா?"

"ஏன், முடிக்க மாட்டனா? நீ போண்ணா."

எத்தனையோ நாளாக நான் காத்திருந்த கேள்வி அது. கசிவு இருக்கிறதா என்று அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சிலிண்டரை அவர் வண்டியில் எடுத்துப் போய்விட்டார். பரவாயில்லை, வேறு சோதனைகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். மகன் தூரத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. மருமகள் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். அம்மையார்குப்பத்தில் தாய் வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்று மாதக் குழந்தையோடு முந்தின நாள்தான் வந்திருந்தார். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதற்காகத்தான் இந்த ஏசி.

அந்த அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் செய்வதையெல்லாம் பார்த்தபடி நின்றார். குழாயில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். கேஸ் என்றேன். "சிலிண்டரு மாத்துனா நாங்க டியூபுல சோப்புத் தண்ணி தொட்டுப் பாப்போம், நொரை வருதான்னு. இதுலயும் கேஸுதானே ஓடுது? இதுக்கு அது வாணாமா?" என்றார்.

வேண்டும். அது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. கடைசியில் செய்யலாம் என்று நானும் நினைத்துத்தான் இருந்தேன். ஆனால் அவர் கேட்டதும் எனக்கு ஏனோ சுருக்கென்றது.

"அது வேற, இது வேறக்கா. இதுக்குன்னே ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்திருக்கேன்."

மாமியார் சமையலறையிலிருந்து சிரித்தார். "எட்டாங்கிளாஸு படிச்சிட்டு இஞ்சினீருக்குச் சொல்லிக் குடுக்குது பாரு!"

நான் இன்ஜினீயர் இல்லை. அதை நான் திருத்தவும் இல்லை. அந்த அக்கா முகம் சுருங்கி உள்ளே போனதைப் பார்த்தேன்.

ஏணியில் ஏறி, உள் பெட்டிக்குப் பக்கத்தில் மெல்லிய குழாயை இணைத்து, இறுக்கி, பொட்டு வைத்தேன். தடித்த குழாயின் நட்டைக் கையால் திருகினேன். பெரிய ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது மாமியார் தட்டோடு வந்து நின்றார். தட்டில் குங்குமம், பூ, எலுமிச்சம்பழம்.

"யம்மா, மணி பதினொன்னர தாண்டிச்சு. பன்னண்டுக்கு ராவு காலம் வந்துடும். அதுக்குள்ள ஓட்டிடணும், சொல்லிட்டேன். எறங்கு, மிசினுக்குப் பொட்டு வெச்சிடறேன்."

நான் இறங்கினேன். அவர் ஏறமாட்டார் என்பதால் தட்டை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறி, அவர் சொன்ன இடத்தில் குங்குமம் வைத்தேன், பூ சொருகினேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்கி மணி பார்த்தால் பதினொன்று முப்பத்தெட்டு. மறுபடி ஏறியபோது என் மனதில் உள் பெட்டி வேலை முடிந்துவிட்டது. கடை விதிப்படி இணைப்பைப் போட்டோ எடுத்தேன். குழாய்க்கு மேலே போர்த்தும் நுரைக் குழலை மாட்டி, வெள்ளை டேப் சுற்றினேன். வெளியே ஓடி அங்கே இரண்டு நட்டையும் இறுக்கி இரண்டு பொட்டு வைத்தேன்.

அடுத்து குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும், வாக்குவம் என்போம். இருபது நிமிடமாவது பம்ப் ஓட வேண்டும். பிறகு நிறுத்தி, மீட்டர் முள் நகர்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். நான் ஐந்து நிமிடம் ஓட்டினேன். நிறுத்தியதும் வெளிப் பெட்டியில் அடைத்திருந்த கேஸைத் திறந்துவிட்டேன். சோப்புத் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போய் அந்த அக்காவிடம் இப்போது சோப்புக் கரைத்துக் கேட்டால் என்ன நினைப்பார்? கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி ஓடியது. குளிர்ந்த காற்று வந்ததும் மாமியார் கைதட்டினார். எனக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தார். பேசிக்கொண்டே அடுப்பங்கரை ஓரத்தில் சாம்பிராணிக் கரண்டியை எடுத்து வைத்தார்.

"புள்ளைய இன்னா, ஒரு மணி வாக்குல குளிப்பாட்டி, கதவ மூடிகினு ஏசி ரூம்லயே சாம்பிராணி போட்டு தூங்க வெச்சிட வேண்டியதுதான்" என்றார்.

நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினேன்.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் ஊரைத் தாண்டியது. கடை வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய போட்டோவுக்குப் பாய் கட்டைவிரல் தூக்கியிருந்தார். அதே போட்டோவை என் ஸ்டேட்டஸில் வைத்து, 'முதல் தனி வேலை' என்று எழுதினேன். உடனே கூடப் படித்தவர்கள் இதயம் அனுப்ப ஆரம்பித்தார்கள். சந்தோஷத்தில் நானே போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மெல்லிய குழாயின் நட்டில் சிவப்புப் பொட்டு இருந்தது. தடித்த குழாயின் நட்டில் எதுவும் இல்லை.

முதலில் வெளிச்சம் பட்டுத் தெரியவில்லை என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். வெறும் பித்தளை மினுமினுப்பு. சரி, பொட்டு வைக்க மறந்திருப்பேன், நட்டை இறுக்கியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு ஸ்டாப்பிங் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எத்தனை யோசித்தும் அந்தப் பெரிய ஸ்பேனரைப் பிடித்த ஞாபகம் என் கையில் இல்லை. குங்குமத் தட்டைப் பிடித்த ஞாபகம்தான் இருந்தது.

அப்போதுதான் சாம்பிராணிக் கரண்டி நினைவுக்கு வந்தது. இப்போது வரும் ஏசிகளில் இருக்கும் கேஸ் லேசில் பற்றாது. ஆனால் பற்றக்கூடியது, பெட்டியிலேயே தீப்படம் போட்டிருப்பார்கள். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். அந்த அறையில் கட்டில் இல்லை. குழந்தைக்குத் தரையில்தான் பாய் விரித்திருந்தார்கள். மூடிய கதவு, தரையில் குழந்தை, பக்கத்தில் தணல். மணி பன்னிரண்டு ஐம்பது.

பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அது மகனுடைய நம்பர். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஷிப்டில் போனை வெளியே வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்த இரண்டு பேரிடமும் நான் நம்பர் வாங்கவில்லை. அண்ணனுக்கு அடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"வாக்குவம் நிறுத்திட்டு எவ்ளோ நேரம் பாத்தே?" என்று கேட்டார்.

"பாக்கலண்ணா" என்றேன்.

"எறங்கு மொதல்ல. ஓடு" என்றார்.

கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். நடு ரோடு, நிழல் இல்லை. தோளில் ஸ்பேனர் பை. எதிரே வந்த இரண்டு கார்கள் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்த ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு குடும்பம், மடியில் அவர்கள் குழந்தை. அதைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நினைக்கக் கூடாததெல்லாம் நினைப்பில் வந்தது. நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள், நைனா அந்த உறையை என்ன செய்வார் என்றுகூட ஒரு கணம் ஓடியது. ஒரு குழந்தை அங்கே படுத்திருக்கும்போது என் சான்றிதழைப் பற்றி யோசிக்கிறேனே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. கழுத்திலிருந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

ஊர் எல்லையில் கிருத்திகைக் கூட்டத்துக்காகத் தடுப்பு போட்டிருந்தார்கள். ஆட்டோ அதற்கு மேல் போகாது என்றதும் இறங்கி ஓடினேன். காவடிக்காரர்கள் நடுவே புகுந்தேன். "யம்மா, காவடியில இடிக்காத!" என்று யாரோ கத்தினார்கள். பை யார் மேலோ பட்டது, திட்டினார்கள். குளத்தைச் சுற்றி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது. புகை தெரிகிறதா என்று மட்டும் மேலே பார்த்துக்கொண்டே ஓடினேன்.

வாசலிலேயே சாம்பிராணி வாசம் அடித்தது.

உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. மாமியார் கையில் கரண்டி, அதில் தணல் சிவந்து கிடந்தது. அறை வாசலில் அந்த அக்கா ஒரு கையால் குழந்தையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை வாசல் குறுக்கே நீட்டி நின்றிருந்தார். அறைக்குள் ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. ஏசி நின்றிருந்தது.

"புது ஏசிய ஓட்டுன அன்னிக்கே நிறுத்துறாளே, இது வெளங்குமா? யார்னா கேளுங்களேன்!" என்று மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அத்த, நெருப்ப உள்ள எடுத்துகினு வராதீங்க, அவ்ளோதான்" என்றார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினார். "ஸ்ஸ்னு ஒரு சத்தம் வந்துகினே இருந்திச்சு. தறி வூட்ல பொறந்தவ, சத்தம் மாறுனா எனக்குத் தெரியும். புள்ளைக்குக் குளிக்கக் கரைச்ச சோப்பத் தொட்டு வெச்சேன். நீயே போய்ப் பாரு."

உள்ளே போனேன். பக்கத்து வீட்டில் வாங்கிய ஏணியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அவர் முக்காலி போட்டு ஏறியிருக்கிறார். வெள்ளை டேப் முடியும் இடத்தில், தடித்த குழாயின் பக்கம், குழந்தை சோப்பின் நுரை. என் கண் முன்னாலேயே ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து உடைந்தது. அடுத்தது கிளம்பியது.

"அம்மா, அந்த நெருப்ப அணைச்சிடுங்க" என்றேன்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். கொல்லைக்குப் போய்க் கரண்டியோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சர்ரென்ற அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

வெளியே ஓடி கேஸை மூடினேன். திரும்பி வந்து டேப்பை அறுத்து, நுரைக் குழலை விலக்கி, நட்டைத் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. என் விரலுக்கே அது சுழன்றது.

"மிசினு கோளாறா?" என்று மாமியார் பின்னாலிருந்து கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியிலேயே குறை, மாற்றித் தருகிறோம் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். அந்தப் பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அக்கா சோப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. நான்தான் இறுக்காம வுட்டுட்டேன். செக் பண்ண வேண்டியதும் பண்ணல" என்றேன்.

மாமியார் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டு, "மூணு மாசப் புள்ளமா" என்றார். அவ்வளவுதான்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அக்கா என் முன்னால் கிண்ணத்தை வைத்தார். "ரெண்டு வருஷப் படிப்புல சோப்புப் பாடம் வரலியா?" என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் இருந்தது.

"வந்திச்சிக்கா."

"அப்ப எழுந்திரு, பண்ணு."

"ஆங், பண்ணு பண்ணு. ராவு காலமும் போயிடுச்சு. இனிமே அவசரமே இல்ல, நிதானமா பண்ணு" என்றார் மாமியார்.

பாதி கேஸ் வெளியேறிப் போயிருந்ததால் அன்றைக்கு ஏசியை ஓட்ட முடியவில்லை. நட்டை இறுக்கி வைத்துவிட்டு, பாய்க்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் குழந்தை வேர்க்குருவோடு இன்னும் ஓர் இரவு ஃபேன் காற்றில்தான் தூங்கியது. மறுநாள் காலை அண்ணனோடு போய், அழுத்தம் ஏற்றிப் பார்த்து, அரை மணி நேரம் பம்ப் ஓட்டி, முள் அசையாததைக் காத்திருந்து பார்த்து, புதிதாகக் கேஸ் நிரப்பினோம். நான்கு இணைப்பிலும் சோப்பு தொட்டு வைத்தது அந்த அக்காதான். ஒரு குமிழிகூட வரவில்லை. நெயில் பாலிஷ் பாட்டிலை அவரிடம் கொடுத்து, விட்டுப்போன அந்த நான்காவது பொட்டை வைக்கச் சொன்னேன். முக்காலியில் ஏறி வைத்தவர், மிச்சத்தில் தன் சுண்டு விரல் நகத்திலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் என் ஐடிஐ ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அந்த அளவு அறையில் அவ்வளவு கேஸ் தீப்பிடிக்க வாய்ப்பு குறைவு என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் அன்றைக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லையே.

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை முடியும்போது, "ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி குடுங்க, நீங்களும் வந்து பாருங்க" என்று வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிடுகிறேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால், அடுத்த நல்ல நேரம் எப்போது என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டையை இன்றும் பெருமையோடுதான் மாட்டிக்கொள்கிறேன். ஆனால் நான்காவது பொட்டை வைக்கும் முன் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. அந்த ஒரு நொடியில், தணலுக்கு எதிரே ஒற்றைக் கையை நீட்டி வாசலை மறித்து நின்ற அந்த அக்கா என் கண்ணுக்குள் வந்து, நீ இறுக்கினாயா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.